லுகானோவுக்கு நான் மட்டும்

அன்புள்ள வான்மதிக்கு அம்மா எழுதுவது,

இங்கே எடிசனில் அப்பாவும் நானும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று வழக்கம்போல் கேட்கத்தான் கூச்சமாக இருக்கிறது. வயிற்றில் தங்காமல் போன குழந்தையை நினைத்து நீ அங்கே அழுதுகொண்டிருக்க, இங்கே நான் உன் வீட்டுக்கு டூர் பஸ் மாதிரி ஆள் சேர்த்துவிட்டேன். தமிழ்ச் சங்கத்துப் பாட்லக் விருந்தில் உன்னைப் பார்க்க லுகானோ போகிறேன் என்று வாய்விட்டதுதான் தாமதம், பக்கத்து வீட்டு ஹம்சா ஆன்ட்டி, சினிமா பாட்டுல வர்ற ஏரியெல்லாம் அந்தப் பக்கம்தானே, நாங்களும் வரோம், வான்மதி வீடு இருக்கறப்போ ஹோட்டல் எதுக்கு, ரைஸ் குக்கர் நான் எடுத்துக்கறேன் என்று ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்கு வருகிறேன் என்பவர்களை வேண்டாம் என்று சொல்லி நமக்குப் பழக்கமா? காரணம் சொல்லலாமென்றால், யாரிடமும் சொல்லாதே என்று நீ கேட்டுக்கொண்டிருந்தாய். நானும் என் பெண் ரொம்ப நன்றாக இருக்கிறாள் என்று பெருமையடித்துத் திரிந்தவள்தானே, தலையை ஆட்டிவிட்டேன். அவள் வீட்டுக்காரர் சுவாமிநாதன் அங்கிள் அன்றைக்கே மிலான் ஃப்ளைட், அங்கிருந்து ரயில் என்று பிளான் போட்டு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்.

உன்னிடம் சொன்னபோது நீ சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. சரிம்மா, எல்லாரும் வாங்க, லீவு போட்டு சுத்திக் காட்டறேன் என்று சொல்லிப் போனை வைத்தவள்தான், பிறகு எடுக்கவே இல்லை, அதனால்தான் இந்த மெயில். மடியில் படுத்துக்கொள்ள அம்மா வேண்டும் என்று கூப்பிட்ட பெண்ணை ஊர் சுற்றிக்காட்டும் வேலையில் அமர்த்திவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நேரா போய் வராதீங்கன்னு சொல்லு, உலகம் ஒண்ணும் முழுகிடாது என்றார் அப்பா. இன்று ஹம்சா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். அதைச் சொல்ல முடியாது ஹம்சா, இந்தத் தடவை அவளுக்கு நான் மட்டும் வேணும் என்றேன். நாங்க என்ன வேத்து மனுஷங்களா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு ஆபரேஷன் ஆனபோது வேளை தவறாமல் ரசம் வைத்துக் கொண்டுவந்தவள் அவள். அந்தச் சங்கடமும் இப்போது சேர்ந்துகொண்டது, இருக்கட்டும், அது என் பாடு. அப்பாவும் இப்போது வரவில்லையாம், அவர்களை நயாகராவுக்கு அழைத்துப்போய்ச் சமாதானப்படுத்துகிறாராம். எத்தனையாவது நயாகராவோ.

நீ லீவு போட வேண்டாம், வீட்டைத் துடைத்து வைக்கவும் வேண்டாம். ஏரி எங்கேயும் போகாது. மாப்பிள்ளை இளமாறனுக்கும் உனக்கும் என் ஆசீர்வாதம், உடம்பும் மனசும் தேறி நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. நாளைக்கு நான் கூப்பிடும்போது போனை எடு. பேச வேண்டாம், எடுத்தால் போதும்.

உன் அம்மா
தாமரைச்செல்வி