ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த பாலீஷ் துணி

1974 ஆகஸ்ட் 18, ஞாயிறு. உடும்பஞ்சோலை

இதெல்லாம் நடக்கும் என்று அன்றைக்கே சொன்னேன். இந்த மாதம் வெயில் அடித்தால் கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம்தான் அடிக்கும், நம் பக்கம் மழைதான் என்று. அப்படியே ஆயிற்று. வருகிற 29-ம் தேதி கம்பத்தில் ஏலத்தோட்ட முதலாளி மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் நம் கறுப்பு அம்பாசிடரில். வண்டி மின்னாவிட்டால் கம்பத்திலிருந்து வேறு டிரைவர் வருவான் என்று முதலாளி சொல்லிவிட்டார். இப்போதைய டிரைவர் வீரபாண்டி, என் அக்காள் சின்னத்தாயின் மகன். வண்டி துடைப்பது அவன். துடைக்கும் துணியைத் துவைப்பது நான். ஆக, கல்யாணமே என் கையில்.

20, செவ்வாய்

பிளானல் துணிகளை வெந்நீரில் சவுக்காரம் கரைத்து ஊறவைத்தேன். முறுக்கவில்லை. முறுக்கினால் துணியின் பூ, அந்த மெத்தென்ற ரோமம், செத்துவிடும். பஞ்சைத் துணியில் கட்டிய பாலீஷ் பொதிகளை அவிழ்த்துப் பஞ்சைத் தனியே உதறினேன். இந்த வித்தை உடும்பஞ்சோலையில் எனக்கு மட்டும்தான் தெரியும். கேரளத்திலேயே என்றும் சொல்லலாம்.

22, வியாழன்

காயவில்லை.

23, வெள்ளி

இன்னும் காயவில்லை. பூஞ்சை வாடை வேறு. ஈரத் துணியால் தேய்த்தால் பாலீஷ் வெள்ளையாகப் பூத்துவிடும். "மாமா, துணி காயுமா, இல்ல நான் மூட்டையக் கட்டவா?" என்றான் வீரபாண்டி.

எனக்கா யோசனை வராது? ஏலக்காயை அடுப்பு மூட்டி உலர்த்தும் ஸ்டோர் இருக்கிறதே! பச்சைக் காய் காயும் சூட்டில் துணி காயாதா? ஸ்டோர் பார்க்கும் குருசாமி, "காயில சவுக்கார வாடை அடிச்சா என் கழுத்துக்கு வரும் மொக்கையா" என்றார். "சவுக்காரத்துல ஏல வாசம் அடிக்கும், பாரும்" என்றேன். மூலையில் காய் பரப்பும் தட்டு ஒன்று கொடுத்தார்.

24, சனி

மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. முகர்ந்தால் பாயசம். நாளை வீரபாண்டி தேய்ப்பான்.

25, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. பானெட் முழுக்கக் கோடு. துணியின் பூவுக்குள் ஏலக்காய்க் காம்புத் துணுக்கு, மண். உதறாமலா கொடுத்தேன்? தட்டையாவது துடைச்சேனா? — ஏன்டா மொக்கையா, புத்தி எங்கடா போச்சு.

வீரபாண்டி திட்டவில்லை. வண்டி ஷெட் படியில் உட்கார்ந்து, "வேல போச்சுன்னு அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க மாமா" என்றான். திட்டியிருக்கலாம்.

26, திங்கள்

முதலாளி வந்து கோடுகளைப் பார்த்தார். வீரபாண்டி வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டு சொன்னேன்: மரநாய். கூரையிலிருந்து பானெட்டில் குதித்ததை என் கண்ணால் பார்த்தேன். வால் ஒன்றரை முழம், கண் ரெண்டும் டார்ச்லைட்டு.

முதலாளி குனிந்து முகர்ந்தார். "ஏலக்கா வாசம் அடிக்குதே?"

"நம்ம காயத் தின்ன வாயோடதான் வந்திருக்கும் மொதலாளி."

"கள்ளப்பய மரநாய்," என்றார். வீரபாண்டிக்கு இருமல் வந்துவிட்டது. "வியாழனுக்குள்ள ஒரு கோடு தெரியக் கூடாது. தெரிஞ்சா வேற ஆளு," என்று போய்விட்டார்.

27, செவ்வாய்

துணியை மறுபடி துவைத்தேன். பக்கத்து வீட்டு அழகுத்தாய்க்குக் கைக்குழந்தை. நெருப்புச் சட்டிமேல் கூடையைக் கவிழ்த்துப் பிள்ளைத் துணி காயவைப்பாள். அதில் இடம் கேட்டேன்.

"மூத்திரத் துணியோட மொதலாளி வண்டித் துணியா? இதுல யாருக்குண்ணே மரியாதக் கொறச்சல்?"

"எம் பிளானலுக்குத்தான்" என்றேன்.

மெத்தென்று காய்ந்தது. உதறி, தட்டி, கன்னத்தில் ஒற்றிப் பார்த்தேன். குத்தவில்லை. வீரபாண்டி சாயங்காலம்வரை வட்டம் வட்டமாகத் தேய்த்தான். கோடுகள் ஒவ்வொன்றாக மங்கின.

29, வியாழன். கம்பம்

மாப்பிள்ளை பானெட்டில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கினார். கம்பமே அசந்து நின்றது.

31, சனி

வீரபாண்டிக்கு வேலை நிலைத்தது. கல்யாணச் செலவெல்லாம் போக முதலாளிக்கு என் நினைவும் வந்திருக்கிறது. கூப்பிட்டு ஒரு கம்பளி கொடுத்தார். "மரநாயக் கண்ணால பாத்தவன் நீ ஒருத்தன்தான். இனி ராத்திரிக்கு ஷெட்டுலயே படு. திரும்ப வந்தா விடாத."

வீரபாண்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

கம்பளியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். மழை விடவில்லை. உள்ளதைச் சொன்னால் — மரநாய் எதுவும் வரவில்லை. இனி ஒன்று வந்து தொலைத்தால் தேவலை.