பிஸ்டல் செருக ஏற்ற இடுப்பு

வெஸ்ட்லி, ஒஸ்லோ, சனிக்கிழமை இரவு

எங்கட தமிழ்ச் சங்க நாடகத்தில் சிவில் உடுப்புப் பொலிஸ் நான்தான். ஒஸ்லோவில் இந்த வேசத்துக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. இண்டைக்கு அதுவே கைவிட்டுப் போகப் பார்த்தது.

ஒத்திகையில் பிளாஸ்டிக் பிஸ்டலை ஒருத்தருக்கும் தெரியாமல் சேட்டுக்குள்ளை முன் இடுப்பில் செருகிக்கொண்டு கதிரையில் இருந்தேன். வயிறு மேலால் அமத்த, அது அடிவயிற்றில் குத்திச்சுது. மண்டபமே அதிரக் கத்திப்போட்டேன். நாடகம் பழக்கிறவள் தங்கச்சியின்ரை மகள் துஷி. உடனே என்ரை வேசத்துக்கு ஒல்லியன் ரத்தினத்தைக் கூப்பிட்டாள். அவனுக்குக் குத்தவில்லை, ஆனால் பிஸ்டல் சேட்டுக்கு மேலால் முழுசாகத் தெரிந்தது. "கூட்டுற தும்புத்தடிக்குப் பின்னாலை தேங்காயை ஒளிக்கேலுமோ?" எண்டு கேட்டேன். சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது.

"முதுகுப் பக்கம் தள்ளிச் செருகுங்கோவன்" எண்டாள் என்ரை மனுசி. செருகினேன். இருந்தேன், எழும்பினேன், இரண்டு வடையும் சாப்பிட்டேன். குத்தவுமில்லை, ஒருத்தர் கண்ணிலும் படவுமில்லை. நோர்வே பொலிஸே என்னட்டைப் பாடம் படிக்கலாம்.

பிறகு கள்ளனை மடக்கிற கட்டம். பிஸ்டலை எடுக்கக் கை பின்னுக்கு எட்டவில்லை. ஒரு சுற்றுச் சுற்றியும் எட்டவில்லை. ரத்தினம் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு நிண்டான். வேசம் போச்சு எண்டே நினைச்சேன்.

துஷி யோசிச்சுப்போட்டுச் சொன்னாள்: "மாமா, நீங்கள் அதை எடுக்கவே வேண்டாம். கதைச்சே அவனைச் சரணடையப் பண்ணுங்கோ. உங்களாலை ஏலும்."

ஏலும்தான். கள்ளனாக நடிக்கிற பாலன் இண்டைக்கே தானாக இரண்டு கையையும் தூக்கிப்போட்டான். நான் அப்ப பாதி வசனம்கூடச் சொல்லி முடிக்கேல்லை.