ஓர்மை இல்லாத டைரக்டர்

வியாழன், இரவு.

என் கணவரின் அண்ணன் மகன் ஜெயராஜ் ஆரியசாலைக் கடைத்தெருவில் முந்திரி இறக்குமதி செய்கிறவன். துபாயில் அவன் தொடங்கும் கம்பெனிக்கு நான் டைரக்டராக வேண்டுமாம்.

"வாற சரக்குக்கு அந்தக் கம்பெனி பேர்ல வெல கூட்டி பில் எழுதுவோம் சித்தி. மிச்சப் பணம் அங்கயே கெடக்கும், வரி கிடையாது. நீங்க ஒரு ஒப்பு போட்டா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

ஞாயிறுதோறும் சபையில் காணிக்கைத் தட்டு எடுக்கிறவன் பேசுகிற பேச்சு.

"பிடிச்சா ஜெயிலுக்கு நான் போகணுமா?"

"அதுக்குப் பயப்படாண்டாம். உங்களுக்கு ஓர்மை இல்ல, எல்லாம் மறந்து போகும்னு டாக்டர் சர்ட்டிபிக்கெட் வாங்கி வச்சாச்சு."

காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பினேன். அந்தச் சர்ட்டிபிக்கெட்டைக் காட்டி இந்த வீட்டையே என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது அவனுக்கு இன்னும் தோன்றவில்லை. அவன் மூளை அவ்வளவுதான். தோன்றுவதற்குள் வக்கீலைப் பார்த்துவிட வேண்டும்.