காலோடு ஒரு படம்

5 ஆகஸ்ட், செவ்வாய்

காலையிலிருந்து புகைமூட்டம். செந்தூல் ஃபிளாட்டிலிருந்து எதிர் பிளாக் கூடத் தெரியவில்லை. ஆடி மாதம், கல்யாணம் ஒன்றும் கிடையாது. பிரிக்பீல்ட்ஸில் என் ஃபோட்டோ ஸ்டூடியோவில் இரண்டு பாஸ்போர்ட் படம், ஒரு ஃபோட்டோ பிரேம். அவ்வளவுதான் வேலை.

மத்தியானம் அக்காவை ஹாஸ்பிட்டலுக்குக் கூட்டிப்போனேன். மூச்சு டெஸ்ட். டாக்டர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நுரையீரல் பலம் இறங்கிவிட்டதாம். நெஞ்சளவுத் தண்ணீர் இனி ஆகாதாம். ஹாஸ்பிட்டல் குளத்தில் வியாழக்கிழமைப் பயிற்சி இன்னும் இரண்டே தடவை, அதுவும் பிஸியோ பக்கத்திலேயே இருந்தால். பதினான்காம் தேதியோடு சரி.

லிப்டுக்குள் வந்த பிறகுதான் அக்கா பேசினாள்.

"சிவா, தண்ணியில நான் நிக்கறத ஒரு படம் எடுடா. மூஞ்சியும் தெரியணும், காலும் தெரியணும்."

"எதுக்கு இப்ப?"

"செத்தா மாலை போட்டு மாட்டத்தான். எல்லாருக்கும் கழுத்து வரைக்கும்தான் மாட்டுவாங்க. எனக்குக் காலோட வேணும்."

திட்டினேன். சத்தமாகவே திட்டிவிட்டேன் போல. லிப்டில் இருந்த சீன ஆன்டி திரும்பிப் பார்த்தார்.

அக்காவுக்குத் தசை கரைகிற நோய். பதினெட்டு வருடமாகச் சக்கர நாற்காலி. தண்ணீரில் மட்டும், பிஸியோ நோரா கையை விட்டால், இருபது எண்ணும் வரைக்கும் தானாக நிற்பாள். ஊர்க் கல்யாணமெல்லாம் எடுத்துத் தள்ளியவன் நான். அக்கா நிற்கிற படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. பழைய ஆல்பமெல்லாம் கிள்ளான் வீட்டில் வெள்ளம் வந்தபோது ஊறிப்போய்க் குப்பைக்குப் போனது. அப்போது அம்மா இருந்தாள், அழுதாள். எனக்கு இன்றைக்குத்தான் அழுகை வருகிறது.

7 ஆகஸ்ட், வியாழன்

இரண்டில் ஒன்று போயிற்று.

கூட்டாளியிடம் தண்ணீருக்குள் போகிற குட்டிக் கேமரா ஒன்றை இரவல் வாங்கிப் போனேன். "இது போதும்லா, எதுக்கு டென்ஷன்" என்றான். போதவில்லை. தண்ணீருக்கு மேலே பிடித்தால் முகம் மட்டும். உள்ளே விட்டால் கால் மட்டும், அதுவும் பச்சையாக, பேய்ப்படம் மாதிரி. பாதி மேலே பாதி கீழே வைத்தால் தண்ணீர்க் கோடு பட்டையாக விழுந்து அக்காவின் நெஞ்சையே மறைத்துவிட்டது. குளத்துக் கூடத்தில் வெளிச்சமும் போதாது.

அக்கா பார்த்துவிட்டு, "ரெண்டு துண்டா வெட்டிட்டியே" என்றாள். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்ணாடி சின்னது, அதுதான் கோளாறு. லென்சுக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு அரைக்கோளக் கண்ணாடி இருக்க வேண்டும். டோம் என்பார்கள். அப்போதுதான் கோடு நூல் மாதிரி மெல்லிசாக விழும், மேலும் கீழும் ஒரே படத்தில் வரும். அந்த டோம் என் பெரிய கேமராவுக்குத்தான் சரி. பெரிய கேமராவைத் தண்ணீரில் இறக்க ஹவுசிங் வேண்டும். தண்ணீர் புகாத பெட்டி. ஒரு வாரத்தில்.

8 ஆகஸ்ட், வெள்ளி

இன்று விசாரித்தவை:

பிளாஸ்டிக் பை மாதிரி ஒன்று. உடனே கிடைக்கும். முன்னால் தட்டைக் கண்ணாடி. பிரயோஜனம் இல்லை.

பாலிகார்பனேட் பெட்டி. லேசு, உள்ளே தண்ணீர் வந்தால் வெளியிலிருந்தே தெரியும், நல்லது. ஆனால் என் மாடலுக்குச் செய்வதில்லையாம்.

அலுமினியம், புதுசு. எல்லாப் பட்டனும் எட்டும். கையில் பிடித்துப் பார்த்தேன், விட மனமே வரவில்லை. டோம் வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம். விலையை இங்கே எழுதப் போவதில்லை.

வாடகைக்கு: "பாஸ், டைவிங் லைசென்ஸ் இருக்கா?" இல்லை. "அப்ப சாரி பாஸ்." நெஞ்சளவுக் குளத்துக்கு லைசென்ஸ்! சொல்லிப் பார்த்தேன். காதில் விழவில்லை.

ஒவ்வொரு கேமராவுக்கும் அதனதன் பெட்டிதான். ஒரு மாடல் முன்னே பின்னே போனாலும் பட்டன் ஒட்டாது. மனுஷன் செருப்பு மாற்றிப் போடுகிற மாதிரி போட முடியாது. ஆறு நாள் இருக்கிறது. பயமாக இருக்கிறது. குளியலறையில் நின்றுகொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தால் அக்கா, "தண்ணி பில்லு ஏறுதுடா" என்கிறாள். தெரிந்துதான் சொன்னாள்.

9 ஆகஸ்ட், சனி

கிள்ளான் பக்கம் மேரு என்கிற ஊருக்குப் போனேன். தொழிற்பேட்டைப் பக்கம், லோரிகளுக்கு நடுவில் ஒரு வீடு. ஆண்டனி அங்கிள், முன்பு டைவிங் சொல்லிக் கொடுத்தவர். இப்போது முட்டி போய்விட்டது. ஸ்டோர் ரூமில் டைவிங் சிலிண்டருக்கும் மாதா சிலைக்கும் நடுவில் ஒரு அலுமினியப் பெட்டி. டோமோடு! பெரிய டோம்!

ஆனால் என் கேமராவுக்கு முந்தைய மாடலுக்கு உள்ளது. வைத்துப் பார்த்தோம். உட்காருகிறது. ஷட்டர் எட்டுகிறது. மற்ற மூன்று பட்டனும் எட்டவில்லை, சுவிட்சும் எட்டவில்லை. எல்லாவற்றையும் முதலிலேயே செட் பண்ணி, ஆன் செய்துவிட்டு மூட வேண்டும். மூடினால் ஷட்டர் ஒன்றுதான் என் கையில்.

"போதுமா தம்பி?"

"போதும் அங்கிள். வேற வழி இல்ல."

மூடியைச் சுற்றி ஒரு காடி, அந்தப் பள்ளத்தில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். அதைக் கழற்றிக் காட்டினார். "இந்த ரப்பர்தான் எல்லாமே. ஒரு முடி இருந்தா போதும், தண்ணி வந்துரும். ஒவ்வொரு தடவையும் கழட்டி, காடியையும் தொடச்சி, கிரீஸ் போட்டு மூடணும். மறக்காதலா." உள்ளே தண்ணீர் பட்டால் சிவப்பு விளக்கு எரிந்து கத்துமாம்.

காருக்கு வரும்வரை மூன்று தடவை சொன்னார். தலையாட்டினேன். பெரிதாகத் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா: "ஆடியில புதுசா சாமான் வாங்கினியா? அம்மா இருந்தா வெளக்கமாத்த எடுத்திருக்கும்."

"பழசுதான்க்கா."

"உனக்குப் புதுசுதானே?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

11 ஆகஸ்ட், திங்கள்

மழை. புகை கொஞ்சம் குறைவு.

கேமரா இல்லாமல் பெட்டியை மட்டும் சோதனை. உள்ளே டிஷ்யூ வைத்து மூடி, துணி ஊறப்போடும் சிவப்புத் தொட்டியில் முக்கி, மேலே அம்மிக்கல்லை வைத்தேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து மணி பார்த்தாள். அரை மணி நேரம். திறந்தால் டிஷ்யூ மொறமொறவென்று இருக்கிறது. ஒரு சொட்டு இல்லை!

"நான் நின்னா உன்ன விட உயரம், தெரியுமா?" என்று திடீரென்று ஆரம்பித்தாள்.

"நான் அஞ்சு எட்டுக்கா."

"அதனால என்ன?"

"நீ கடைசியா நின்னப்ப நான் இன்னும் வளர்ந்துட்டு இருந்தேன். கணக்கு மாறிடுச்சி."

"படம் வரட்டும், பாக்கலாம்."

ஞாயிறு ஆவணி பிறக்கிறது. அன்றைக்கே கிள்ளானில் கல்யாணம், முன்பணம் வாங்கியாகிவிட்டது. என்னிடம் இருக்கிற ஒரே கேமரா இந்தப் பெட்டிக்குள் போகப்போகிறதுதான். நினைக்கக் கூடாது.

12 ஆகஸ்ட், செவ்வாய்

ஆடிச் செவ்வாய். பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் கூழ், கூட்டம், நெரிசல். பெட்டியைச் சேலைக்கடைப் பையில் வைத்துக் கொண்டுபோனேன். முதல் கேமராவுக்கும் இங்கேதான் பூஜை. காருக்கும் இங்கேதான். ஆடி தோஷம் கழியட்டும் என்றுதான்.

குருக்கள் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, வெடிகுண்டா?" என்றார். விளக்கினேன். எலுமிச்சம்பழம் சுற்றி, மேலே சந்தனம், குங்குமம். நான்தான் மூடியைத் திறந்து, "உள்ளேயும் கொஞ்சம் சாமி" என்றேன். திருநீறை அள்ளி நன்றாகவே போட்டார்.

மனசு லேசாயிற்று. இத்தனை நாளில் இன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். வாழையிலை, இரண்டு தரம் ரசம்.

14 ஆகஸ்ட், வியாழன்

எழுத முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் கேமராவைப் போட்டு மூடும்போது உள்ளே திருநீறு. வெளிச் சந்தனத்தைத் துடைத்தேன். உள்ளே உள்ளதைத் துடைக்க மனம் வரவில்லை. கடைசித் தடவை, சாமி கொடுத்தது கூடவே வரட்டும் என்று விட்டுவிட்டேன். ரப்பரை விரலால் ஒரு சுற்றுத் தடவினேன், கறுப்பாகப் பளபளவென்றுதான் இருந்தது. கழற்றவில்லை. அங்கிள் மூன்று தடவை சொன்னார். கழற்றவில்லை.

குளம். நான் நெஞ்சளவுத் தண்ணீரில் முழங்கால் மடக்கி, டோமைப் பாதி முக்கி. அக்கா நீல டீ-சர்ட். நோரா இரண்டு கையையும் பிடித்திருந்தார். முதல் தடவை விட்டதும் அக்கா சாய்ந்தாள், தண்ணீர் தெறித்து டோமெல்லாம் சொட்டு. துடைத்தேன். மறுபடி. அப்போதுதான் அந்தச் சத்தம். கீ கீ கீ.

"அபாங், லம்பு மேரா!" என்று நோரா மலாயில் கத்தினார். சிவப்பு விளக்கு. டோமுக்குள் அடியில் தண்ணீர் தளும்புகிறது.

உடனே தூக்கியிருந்தால் கேமரா பிழைத்திருக்கும். நிச்சயம் பிழைத்திருக்கும்.

"என்னடா சத்தம்?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. நில்லு. நோரா, கைய விடுங்க!"

நோரா என்னைப் பார்த்தார். விட்டார்.

அக்கா நின்றாள். நான் அமுக்கினேன், அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன். அக்கா சத்தமாக எண்ணினாள். பத்தொன்பதில் ஷட்டர் நின்றுவிட்டது. நான் சொல்லவில்லை. விரலை எடுக்கவில்லை. முப்பத்தொன்று வரைக்கும் எண்ணினாள், மூச்சு வாங்கி நோராமேல் சாய்ந்தாள்.

கரையில் திறந்தேன். தண்ணீர் கொட்டியது. கேமரா அதற்குள் மீன் மாதிரி கிடந்தது.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். "எப்பயிலேர்ந்துடா தெரியும் உனக்கு?"

"ரெண்டாவது தடவையிலேர்ந்து."

"லூசு" என்றாள். "லூசுப் பயலே." வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

மெமரி கார்டைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, டிஷ்யூவில் சுற்றி வைத்திருக்கிறேன். காயும்வரை கம்ப்யூட்டரில் போடக் கூடாது. அதில் ஒன்றுமே இல்லையென்றால்? ஐயோ, ஒன்றுமே இல்லையென்றால் நான் என்ன சொல்வேன்.

15 ஆகஸ்ட், வெள்ளி

மேரு. ஆண்டனி அங்கிள் ரப்பரைக் கழற்றி, டிஷ்யூவால் காடியைத் துடைத்துக் காட்டினார். கிரீசோடு குழைந்து சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, நடுவே சிவப்பாக ஒரு துளி. திருநீறு. குங்குமம். அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பூஜை போட்டியா?"

"ஆமா அங்கிள். டெஸ்ட் பண்ணதுக்கு அப்புறம்."

திட்டுவார் என்று நின்றேன். "நானும் மொத பெட்டிக்கு ஃபாதர கூப்பிட்டு தீர்த்தம் தெளிச்சேன். மூடி வச்சிட்டு" என்றார். "நீ தெறந்துட்ட. அவ்ளோதான் தம்பி." பால் விடாத டீ, தே ஓ, போட்டுக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

கேமரா செத்தது செத்ததுதான். ஞாயிறுக்குக் கூட்டாளியின் இரவல் கேமரா, கெஞ்சிக் கேட்டு.

ஸ்டூடியோவில் கார்டைப் போட்டேன். முதலில் திறக்கவில்லை. கழற்றினேன், மறுபடி போட்டேன். திறந்தது. எண்ணினேன். நாற்பத்தாறு. பல படத்தில் உள்ளே புகுந்த தண்ணீர் கீழிருந்து மங்கலாக ஏறுகிறது. ஒன்று மட்டும் முழுசாக இருக்கிறது. ஒன்றே ஒன்று.

கடையை உள்பக்கம் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ பாஸ்போர்ட் படத்துக்குத் தட்டினார்கள். திறக்கவில்லை.

16 ஆகஸ்ட், சனி

வெயில். ஆடி கடைசி நாள். நாளைக்கு வேண்டியது: இரவல் லென்ஸ், பேட்டரி நான்கு, கறுப்புச் சட்டை இஸ்திரி.

பெரிதாக பிரிண்ட் போட்டு, பிரேம் மாட்டி, ஹாலில் ஆணி அடித்தேன். அக்கா அறையிலிருந்து வந்தாள்.

"அவ்ளோ மேல மாட்டினா எனக்குக் கழுத்து வலிக்கும்டா. கீழ எறக்கு."

"மாலைக்குன்னு சொன்னியே."

"மாலைக்குக் கழுத்து வரைக்கும் ஒண்ணு எடுத்துக்க, அது போதும். இது நான் பாக்கறதுக்கு."

ஆணியைப் பிடுங்கி நாற்காலி உயரத்துக்கு அடித்தேன். சுவரில் பழைய ஓட்டை அப்படியே இருக்கிறது.

கிட்டே வந்தாள். முதலில் பாதத்தின் மேல் விரல் வைத்தாள். இரண்டு பாதமும் தரையில், பத்து விரலும் விரிந்து. பிறகு விரல் மெதுவாக மேலே போயிற்று. முட்டி, இடுப்பு, நீலச் சட்டை, தண்ணீர்க் கோடு, தலை. பக்கத்தில் நிற்கும் நோரா அவள் தோளுக்குத்தான் வருகிறார்.

"சிவா, நான் இவ்ளோ உயரமாடா?"

"ஆமாக்கா" என்றேன். "என்ன விட."