நெற்றி எங்கே இருக்கிறது

ஒலக்கூர்
சனிக்கிழமை

அன்பு மகள் ஜெசிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, திண்டிவனம் போய் மருந்து வாங்கச் சொன்னால்தான் நாளைக்கு நாளைக்கு என்கிறார். குழம்பிப்போயிருப்பது நான்தான். போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்று எழுதுகிறேன், என்னோடு பிஸ்கட் கம்பெனியில் வேலை செய்யும் கோவிந்தம்மாள் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

எங்கள் லைனில் பாக்கெட்டை எடுத்துப் பெட்டியில் அடுக்க ஒரு ரோபோ கை வந்திருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அது வந்ததும் நான்கு பேரில் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அதைத் துடைக்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஆயுத பூஜைக்கு அவரவர் மிஷினுக்கு அவரவர்தான் பொட்டு வைக்க வேண்டும். நாம் மாதா கோயில்காரர்கள் ஆயிற்றே என்று நான் ஒதுங்கி நின்றேன். சூப்பர்வைசர் சுப்பராயலு, வேதக்காரம்மான்னா சும்மா நின்னுக்கினு இருப்பியா, உன் மிஷினு நீதான் வைக்கணும், நெத்தியில வைம்மா ஜல்தி என்று தட்டை நீட்டினார். அதற்குத் தலையே இல்லை, நெற்றிக்கு நான் எங்கே போவேன். கை முடிகிற இடத்தில் வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது, அதுதான் முகம் மாதிரி தெரிந்தது. சந்தனத்தைக் குழைத்து அதன் மேல் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். எல்லாரும் கும்பிட்டார்கள், சுப்பராயலுவும்தான்.

லீவு முடிந்து நேற்று ஓடவிட்டதும் அது பாக்கெட்டை விட்டுவிட்டுப் பெட்டி அடுக்கில் போய் இடித்தது. பிடிக்கிற விரல் கோணிவிட்டது. வேண்டுமென்றே சேதம் செய்தேன் என்று மெமோ கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை.

அது வந்த புதிதில் நீ போனில் விளக்கிச் சொன்னதை இப்போதுதான் மிஷினோடு பொருத்தி யோசித்துப் பார்க்கிறேன். கண்ணாடிக்குள் கேமரா, அதுதான் கண். மூட்டுக்கு மூட்டு மோட்டார். நுனியில் விரல். மூளை மட்டும் கையில் இல்லை, தூரத்தில் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. இதுவரை புரிகிறது. கண் தெரியவில்லை என்று அந்த மூளைக்குத் தெரியாதா? என் கண்ணில் தூசி விழுந்தால் என் கை தானாக நின்றுவிடுமே. மூளை பார்த்துக்கொள்ளவில்லை என்றால் அது யார் தப்பு? பக்கத்திலேயே நிறுத்துகிற சிவப்பு பட்டன் இருந்தது. அதைத் தொடக்கூடாது என்று முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார்கள். துடைக்க மட்டும் நான், நிறுத்த வேறு ஆள். சுப்பராயலுவோ, நான் எங்கம்மா கண்ணுல வைக்கச் சொன்னேன், நெத்தின்னுதானே சொன்னேன் என்கிறார். அவரையே நெற்றியைக் காட்டச் சொன்னேன். மிஷினை ஒரு சுற்று சுற்றி வந்தார், எதையும் காட்டவில்லை. கோவிந்தம்மாள் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறாள், அவள் வேலையும் போய்விடுமோ என்று அது வேறு பயம்.

வெளிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள், ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும். மறக்காமல் நாளை சாயங்காலத்துக்குள் அந்தப் பாகங்களின் பெயரையெல்லாம் வரிசையாகத் தமிழ் எழுத்தில் அனுப்பு. எது எதைச் செய்யும் என்றும், கண் மறைந்தால் நிறுத்த வேண்டியது எது என்றும் எழுது. பதிலில் அதையெல்லாம் நானே என் கையால் எழுதுவேன். பொட்டு வைக்கச் சொன்னவர் பெயரை நீ எழுத வேண்டாம், அது எனக்குத் தெரியும்.

உன் அம்மா
அமலோற்பவமேரி