அம்மாவுக்குக் கொடுத்த இரண்டாவது மிட்டாய்

ஈஜோக்,
9 செப்டம்பர், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் சேதுவுக்கு அப்பா எழுதுவது. அமெரிக்காவில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், கை வரவில்லை. போனில் சொல்லலாமே, இது என்ன இந்தக் காலத்தில் கடிதம் என்று நினைப்பாய். அம்மாவின் கட்டிலை ஹாலில் போட்டிருக்கிறோம், நான் எங்கே நின்று பேசினாலும் அவள் காதில் விழும். அதுவுமில்லாமல் உன் குரலைக் கேட்டதும் நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறேன். எதிர்வீட்டு ராஜுவின் மகள் வெள்ளிக்கிழமை அமெரிக்காவுக்கு விமானம் ஏறுகிறாள், அங்கே இறங்கியதும் உனக்குத் தபாலில் போட்டுவிடுவதாகச் சொன்னாள். உன் தங்கை துளசி சனி ஞாயிறு ராவாங்கிலிருந்து வந்து அம்மாவைக் குளிப்பாட்டித் தலைவாரி விட்டுப் போகிறாள், மாப்பிள்ளையும் பாசிர் பெனம்பாங் வரைக்கும் போய் மீன் வாங்கிவந்து கொடுக்கிறார், நல்ல பிள்ளை. மீன்குழம்பு வைத்தால் அம்மா இரண்டு வாய் சாப்பிடுகிறாள், அதற்குமேல் கையைத் தட்டிவிடுகிறாள். ஒரு வாரமாக விடாத மழை, தோட்டத்துப் பாதையில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் சேற்றில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. முப்பது வருஷம் லோரி ஓட்டியவன் பேச்சு லோரியிலேதான் போய் நிற்கும் என்று நீ சிரிப்பாய். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன், எனக்கே தெரிகிறது.

போன வாரம் துளசி என்னிடம் அழுதாள். அண்ணன் போனில் "நான் கொண்டாந்து கொடுத்ததுதான் அம்மாவைப் படுக்க வச்சிருச்சு, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன்"னு சொன்னிச்சுப்பா என்றாள். உனக்கு லீவு இல்லை என்று நீ என்னிடம் சொன்னதை நான் நம்பிக்கொண்டிருந்தேன் சேது. அதனால்தான் இந்தக் கடிதம்.

மே மாதம் நீ வந்தபோது வைட்டமின் டப்பாக்களோடு அந்த இரண்டையும் கொண்டுவந்தாய். ஒன்று உறிஞ்சுகிற வேப், இன்னொன்று ஜெல்லி மாதிரி மெல்லுகிற கம்மி மிட்டாய் டப்பா. இது வேறு வகைச் செடியிலிருந்து எடுத்தது, அமெரிக்காவில் கடையிலேயே விற்கிறார்கள், அம்மாவின் எலும்பு வலிக்குக் கேட்கும் என்றாய். இங்கே சட்டம் அந்த வகை இந்த வகை என்று பார்க்காது, அதற்கு எல்லாம் கஞ்சாதான். முன்கூட்டியே எனக்குத் தெரிந்திருந்தால் உன்னை அழைக்க வந்த இடத்திலேயே மயங்கி விழுந்திருப்பேன். ஆனால் மார்பில் வந்த புற்றுநோய் இடுப்பெலும்புக்குப் போய், பிடித்துக்கொண்டுதான் உட்காருவது எழுவது என்று அவள் பட்ட பாட்டைப் பார்த்தபிறகு நானும் வாயை மூடிக்கொண்டேன். நீ என்னைச் சமையல்கட்டில் நிறுத்தி வைத்து எவ்வளவு பொறுமையாகச் சொன்னாய். உறிஞ்சுவது நுரையீரல் வழியாக நேரே இரத்தத்துக்குப் போய்விடும், ஐந்து பத்து நிமிடத்தில் தெரியும், இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும். தின்பது வயிற்றுக்குப் போய், கல்லீரலுக்குப் போய், அங்கே இன்னும் வீரியமாக மாறித்தான் வேலையைக் காட்டும், ஒரு மணி நேரமும் ஆகும் இரண்டும் ஆகும், வந்தால் ஆறு எட்டு மணி நேரம் போகாது. ஆகவே பாதி மிட்டாய்தான், வெறும் வயிற்றில் கூடாது, ஒன்றும் தெரியவில்லை என்று இன்னொன்று கொடுத்துவிடாதீர்கள் அப்பா என்றாய். அந்தக் கடைசிப் பேச்சை இரண்டு தடவை சொன்னாய்.

நீ போனபிறகு நாங்கள் வேப்பைத்தான் பயன்படுத்தினோம். என் சிகரெட்டை எத்தனையோ தடவை பிடுங்கி வாய்க்காலில் எறிந்தவள், குளியலறைக்குப் பின்னால் நின்று புகை விட்டாள். யாராவது பார்த்தால் மானம் போகும் என்று சிரித்தாள். இருமல் வரும், கண்ணில் தண்ணீர் வரும், ஆனால் நான் ஒரு கோப்பி கலக்கி முடிப்பதற்குள் முகம் இளகிவிடும். அதுவே எனக்குப் பழகிவிட்டது. ஆடி மாதம் பிறந்தபோது வேப் தீர்ந்துபோனது, மிட்டாய் டப்பா பிரிக்காமல் இருந்தது.

மூன்றாவது ஆடி வெள்ளி, மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள். உன் அம்மாவைத்தான் தெரியுமே, உடம்பு இருக்கிற இருப்பில் விரதம் வேண்டாம் என்றேன், "இந்த வருஷம் இருந்துட்டுப் போறேங்க, அடுத்த வருஷம் யார் கண்டா" என்றாள். காலையிலிருந்து வெறும் தண்ணீர். பூசை முடியும்வரை வலியில்லாமல் உட்கார வேண்டும் என்று அவளாகத்தான் மிட்டாயைக் கேட்டாள். பாதி என்று நீ சொன்னது நினைவில் இருந்தது சேது, மறக்கவில்லை. இவ்வளவு சின்ன மிட்டாயில் பாதி என்ன செய்யப்போகிறது என்று முழுசாகக் கொடுத்தேன். கோயிலில் போய் உட்கார்ந்தோம். பத்து நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று, அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். வேப்பின் வேகத்தையே மிட்டாயிடமும் எதிர்பார்த்தேன். நாற்பதாவது நிமிடம் சட்டைப் பையிலிருந்து இன்னொரு முழு மிட்டாயை எடுத்து அவள் கையில் வைத்தேன். அம்மன் சந்நிதியில் கொடுத்ததை அவளும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டாள்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் ஆரம்பித்தது. "என்னங்க, தரை எங்கேயோ கீழே போவுதுங்க" என்றாள். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, என்னைப் பார்த்தே பயப்படுகிறாள், செத்துப்போன தன் அம்மாவைக் கூப்பிடுகிறாள். நான் தண்ணீர் எடுக்கத் திரும்பிய நேரத்தில், எரியாத அடுப்பை அணைக்கவேண்டும் என்று எழுந்து ஓடினாள். விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மருத்துவமனையில் டாக்டர் நூருல் என்று ஒரு சின்னப் பெண், வேறு ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டார். இல்லை என்றேன். உன்னைப் பிடித்துவிடுவார்கள், திரும்ப இந்த நாட்டுக்குள் நீ வரமுடியாது என்று பயந்தேன். ஒரு நாள் முழுக்க மூளையில் கோளாறோ என்று ஸ்கேனுக்கும் பரிசோதனைக்கும் இடுப்பு முறிந்தவளை இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டு போனார்கள், ஒவ்வொரு தடவையும் அவள் கத்தினாள். மறுநாள் தாங்கமாட்டாமல் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன், உன் பேரை மட்டும் சொல்லவில்லை. அவர் திட்டவில்லை. "நேற்றே சொல்லியிருக்கலாமே பக்சிக், அவங்களுக்கு இந்த வேதனை மிச்சமாயிருக்குமே" என்று, மாமாவைக் கூப்பிடுகிற முறையில் கூப்பிட்டு, மலாயில் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்ன எழுதி வைத்தாரோ தெரியாது, இதுவரை யாரும் வீட்டுக்கு வரவில்லை. மிச்ச மிட்டாயைக் கரைத்துக் கொட்டிவிட்டேன். அறுவை சிகிச்சையை உடம்பு தாங்காது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருத்துவமனையே கொடுத்த மார்ஃபின் தண்ணீர்மருந்தை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துக் கொடுக்கிறேன், வலிக்குக் கேட்கிறது. வலிக்கு இப்படி ஒரு மருந்து இங்கேயே இருந்திருக்கிறது, வாய் திறந்து கேட்க நமக்குத்தான் தெரியவில்லை. இனி மாதக் கணக்கு இல்லை, வாரக் கணக்குதான் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அவள் விழுந்த அன்றைக்கு நீ போனில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டாய். நீ சொன்ன பாதிதான் என்றேன். அது பொய். நீ சொன்ன அளவு சரி, சொன்ன நேரமும் சரி. நீ கொண்டுவந்தது தப்புதான், அதற்கு நான் உன்னைத் திட்டிக்கொள்கிறேன், ஆனால் மெல்ல நடந்துகொண்டிருந்தவளைப் படுக்கையில் போட்டது நான். என் பொய்யை நீ சுமந்துகொண்டு அங்கே தனியாகக் கிடக்காதே.

கையை வீசிக்கொண்டு வா. மிட்டாயும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், சாக்லேட்டுகூட வேண்டாம். அம்மா தினமும் உன்னைக் கேட்கிறாள். "பாவம், புள்ள நல்லதுக்குத்தான் கொடுத்தான், என் ஒடம்புக்குத்தான் ஒத்துக்கல, அதுக்காக அவனத் திட்டிப்புடாதீங்க" என்று என்னிடமே சொல்கிறாள். நீ சொன்ன அளவே இரண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நாற்பது வருஷம் என்னோடு இருந்தவளிடம் நான்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் போவதற்குள் சொல்லவேண்டும். நீ பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவேன்.

அம்மன் உனக்குத் துணையிருக்கட்டும், குளிரில் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. விமானம் ஏறக் காட்டுகிற கடப்பிதழின் தேதி முடிந்துவிட்டதா என்று இன்றைக்கே எடுத்துப் பார். படித்ததும் இதைக் கிழித்துவிடு.

உன்னை எதிர்பார்த்திருக்கும் அப்பா,
உடையப்பன்