சாவிப்பெட்டிக்குக் கற்பூரம்

புரட்டாசி 23, காலை 06.10. பூட்டு: உண்டு

நிலவுத் தென்முனை நிலையம். பணியில் இருப்பவர்: உலகம்மை, பாதுகாப்பு மென்பொருள் பொறியாளர். வேறு யாரும் இல்லை. மற்ற மூவரும் முந்தைய கலத்தில் ஊர் போய்விட்டார்கள். நிலையத்தை மூடிவிட்டு, தீபாவளிக்கு முன் மீள்கலத்தில் ஏறித் திரும்புவது என் வேலை. காற்று வடிகட்டிகள் ஐப்பசிக் கடைசி வரை தாங்கும்.

இதைப் பிற்பாடு யாராவது படித்தால் அவர்களுக்காக ஒரு விளக்கம். இங்கே சாவி என்பது இரும்புச் சாவி இல்லை, ஒரு நீண்ட ரகசிய எண். பூமியில் உள்ள தரைநிலையத்திலிருந்து வரும் கட்டளை அந்தச் சாவியால் கையெழுத்திடப்பட்டிருந்தால்தான் மீள்கலம் அசையும். உள்ளே உட்கார்ந்து நான் தலைகீழாக நின்றாலும் அசையாது. எவனோ நடுவில் புகுந்து கலத்தைக் கடத்திவிடக் கூடாது என்பதற்காக அப்படி. பூட்டை எழுதியது நான்தான். இந்தப் பதிவும் எழுதி முடித்ததும் தானாகப் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கவும் தரையில் இருக்கும் அதே சாவி வேண்டும்.

குளிர்விப்பான் சரி. மின்கலன்கள் சரி. காலையில் ரவா கிச்சடி, பசைபோல.

புரட்டாசி 24, மாலை 17.40. பூட்டு: உண்டு

ஆயுதபூஜை. திருகாணிக் கருவிக்கும் மீள்கலத்தின் கைப்பிடிக்கும் ஒட்டுப்பொட்டு வைத்தேன். தென்காசியில் பிறந்தவளுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் மனசு ஆறாது.

தரைநிலையத்திலிருந்து புகைப்படம் அனுப்பியிருந்தார்கள். சாவிப்பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். சாவி குடியிருப்பது அந்த எஃகுப் பெட்டிக்குள்தான். குடைந்தாலும் சுட்டாலும் திருடன் வந்துவிட்டான் என்று எண்ணி, சாவியைத் தானே அழித்துவிடும். பூ வரைக்கும் பரவாயில்லை என்று பதில் போட்டேன்.

பதில் வரவில்லை. மாலைச் சோதனைக் கட்டளையும் வரவில்லை. சுண்டல் தின்னப் போயிருப்பார்கள்.

புரட்டாசி 24, இரவு 20.15. பூட்டு: உண்டு

பணிநேர அதிகாரி அருணகிரியிடமிருந்து வந்த செய்தி, அப்படியே:

“மேடம், ஒரு சின்னப் பிரச்சினை. டென்ஷன் ஆவாதீங்க. பூஜையில நம்ம கனகசபாபதி சார், பெட்டி மேலயே வெத்தலைய வச்சு அதுல கற்பூரத்தை ஏத்திட்டாரு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன் மேடம். பெட்டி கீன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. இப்ப திரையில ‘சாவி இல்லை’ன்னு வருது. பெட்டிய அணைச்சுத் திரும்பப் போட்டா வந்துருமா?”

கனகசபாபதி தரைநிலையத்தின் தலைமை அதிகாரி. பெட்டியின் மேல்புறம் காற்றுத்துளை இருக்கிறது. அதற்கு ஒரு விரல் கீழே வெப்பத்தை உணரும் கம்பி.

நான் சாமியைக் குறை சொல்லவில்லை. சாமியா பெட்டி மேல் வெற்றிலையை வைத்தது? பெட்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. அந்தக் கட்டடத்தில் அதை மட்டும்தான் அப்படிச் சொல்ல முடியும்.

பயப்பட ஒன்றும் இல்லை. இந்த மாதிரிக் கூத்துக்காகத்தான் ஐந்து சில்லுகள். சாவியை ஐந்து பங்காக்கி, ஐந்து அதிகாரிகளிடம் ஆளுக்கொரு மின்னணுச் சில்லாகக் கொடுத்திருக்கிறோம். எந்த மூன்றைச் சேர்த்தாலும் சாவி திரும்பக் கிடைக்கும். நாளைக்கே சேர்க்கச் சொல்லிவிட்டேன். “நாளைக்கேவா மேடம்?” என்று அருணகிரி இரண்டு தரம் கேட்டான்.

புரட்டாசி 25, காலை 09.30. பூட்டு: உண்டு

சில்லுகளைச் சேர்த்தார்கள். சாவி வந்தது. மீள்கலம் ஏற்க மறுத்துவிட்டது.

சில்லுகளில் இருப்பது பழைய சாவி.

வருஷத்துக்கு ஒரு முறை சாவியை மாற்ற வேண்டும் என்பது விதி. ஆனியில் மாற்றினோம். புதுச் சாவியைச் சில்லுகளில் ஏற்றிய பிறகுதான் பழையது செல்லாது என்று மீள்கலத்துக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் பொத்தான் இங்கே, என் கையில். அழுத்துமுன் கேட்டேன். கனகசபாபதியின் பதில் இன்னும் கோப்பில் இருக்கிறது: “சில்லெல்லாம் போட்டாச்சும்மா. நீ அழுத்து.”

போடவில்லை. இன்று அருணகிரியை உலுக்கி எடுத்ததில் எல்லாம் வெளியே வந்தது.

“சில்லு போடணும்னா அஞ்சு பேரும் ஒண்ணா உக்காரணும்லா மேடம். ஆனிக் கடைசி, நாள் சரியில்லைன்னாரு. ஆடி வந்துருச்சு, ஆடியில புதுசா ஒண்ணும் தொடங்க வேண்டாம்னுட்டாரு. ஆவணில அவரு மக கல்யாணம். புரட்டாசி முதல்ல மகாளயம். விஜயதசமிக்கு வச்சுக்கிடலாம், அதைவிட நல்ல நாள் ஏதுன்னாரு. பந்தி இலை மொதக்கொண்டு சொல்லியாச்சு மேடம்.”

விஜயதசமி இன்றுதான். நேற்றுக் கற்பூரம், இன்று சில்லு.

ஒரு நாள் முந்தி உட்கார்ந்திருந்தால் நான் ஊருக்குப் போயிருப்பேன். நல்ல நாள் பார்த்தீர்களே, யாருக்கு நல்ல நாள்? சாவிக்கு ஏதடா ராகுகாலம்?

புரட்டாசி 27, பகல் 13.05. பூட்டு: உண்டு

தரையில் புதிதாக ஒரு சாவி செய்துவிட்டார்களாம். பாராட்டுகள். புதுச் சாவியை மீள்கலம் நம்ப வேண்டுமானால், அழிந்த சாவி கையெழுத்துப் போட்டு அதை அறிமுகம் செய்ய வேண்டும். செத்தவன் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

கனகசபாபதியே பேசினார்: “கலத்துல இருக்க பூட்டுச் சில்லைக் கழட்டி உள்ள பாத்தா என்னம்மா? நீ எழுதினதுதானே, ஒரு வழி இல்லாமலா போயிரும்?”

கழற்றினால் அதுவும் தன்னை அழித்துக்கொள்ளும். அப்புறம் கலம் யார் சொன்னாலும் கேட்காது. வழி இல்லாமல் எழுதியதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தீர்கள். அப்படியே சொன்னேன். கொஞ்சம் கெட்ட வார்த்தையும் சேர்ந்துவிட்டது. மீட்புக்கலம் தை மாதத்துக்கு முன் தயாராகாது என்று அவர் சொன்னது அதற்குப் பிறகுதான்.

ஐப்பசி 1, காலை 07.20. பூட்டு: உண்டு

மீள்கலத்தின் மென்பொருளை வரி வரியாகப் படிக்கிறேன். எவனாவது ஒரு சோம்பேறி, ஒரே ஒரு சோம்பேறி, எங்கேயாவது ஒரு சாவியை மறைத்து வைத்திருக்க மாட்டானா?

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இவர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். நிரலுக்குள்ளேயே சாவியை எழுதி வைப்பார்கள். அமைப்புக் கோப்பில் போட்டு, அந்தக் கோப்பை ஊருக்கே அனுப்புவார்கள். வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டு “பார்த்ததும் அழிக்கவும்” என்பார்கள். ஒருவன் திரையின் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் ஒட்டி வைத்திருந்தான். ஏனென்று கேட்டால் “மறந்துபோவும்லா மேடம்”. எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். சாவிப்பிசாசு என்று எனக்குப் பேர் வைத்தார்கள்.

இப்போது அந்தப் பிசாசு சோம்பேறிகளைத் தேடி அலைகிறது.

ஐப்பசி 4, மாலை 16.50. பூட்டு: உண்டு

கிடைத்தது. தரையிறங்கு கால்களை மடக்கும் பகுதியில், யாரும் எட்டிப் பார்க்காத மூலையில், ஒரு குறிப்பு: “தற்காலிகச் சோதனைச் சாவி. எந்தக் கட்டளைக்கும் செல்லும். பிறகு நீக்கவும்.”

கைக்கணினியைக் கீழே போட்டுவிட்டேன். இங்கே அது மெதுவாகத்தான் விழும். அதைப் பிடிக்கக்கூடத் தோன்றவில்லை.

அடுத்த வரி: “நீக்கப்பட்டது. உலகம்மை.”

அதற்கும் கீழே அடைப்புக்குள் நானே போட்ட கிண்டல்: “பிறகு வந்துவிட்டது.”

நான் செய்தது சரி. இன்றைக்கும் அதையேதான் செய்வேன். அந்தச் சாவி இருந்திருந்தால் தெருவில் போகிறவன்கூட இந்தக் கலத்தை ஓட்டியிருப்பான். சரியாகத்தான் செய்தேன். ஒரு மணி நேரம் அழுதேன்.

ஐப்பசி 8, காலை 10.00. பூட்டு: உண்டு

இரண்டாம் வடிகட்டி அடைத்துக்கொண்டது. தட்டிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன், பயனில்லை. கடைசி வரை தாங்கும் என்று முதல் பதிவில் எழுதியதை அடித்துவிடுங்கள். தலைவலி.

வீட்டுக்காரரைப் பேச விட்டார்கள். செண்பகராமன், தென்காசியில் பம்புசெட்டு பழுது பார்க்கிறார்.

“ஏளா, என்னளா இது? கலம் பக்கத்துலதான நிக்கி, ஏறி வந்துர வேண்டியதுதான? சாவி தொலைஞ்சா பூட்ட ஒடைப்பமா, வீட்டுக்குப் போவாம வாசல்ல நிப்பமா? நான் ஒடைக்காத பூட்டா? நீ சொல்லு, எத மொதல்ல கழட்டணும்னு சொல்லு, நான் சொல்லித் தாரேன்.”

அவருக்கு ஒன்றும் தெரியாது என்று கல்யாணம் ஆன நாள் முதலாகச் சிரித்திருக்கிறேன். இன்று சிரிக்கவில்லை. உடைக்க முடியாதபடி செய்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அப்புறம், “சாப்ட்டியாளா?” என்றார்.

அவரைப் பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

ஐப்பசி 12, நேரம் பார்க்கவில்லை. பூட்டு: இல்லை

மூளை மந்தமாகிவிட்டது. இன்றுதான் உறைத்தது. இத்தனை நாளும் எழுதியதெல்லாம், அழிந்துபோன சாவியால் மட்டுமே திறக்கும்படி பூட்டிக்கொண்டே வந்திருக்கிறது. இனி யாராலும் திறக்க முடியாது. நான் எப்படிச் செத்தேன் என்பது உலகத்திலேயே பத்திரமான ரகசியம்.

திரையின் நினைவில் எழுத்து இன்னும் இருக்கிறது. மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். அதைப் பார்த்துப் பார்த்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப அடிக்கிறேன், பூட்டில்லாமல். தலைப்புகளை மாற்றவில்லை. நீங்கள் படிப்பது இந்தப் பிரதிதான்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைத் திறந்து வைக்கிறேன். கை கூசுகிறது.

ஐப்பசி 13. பூட்டு: இல்லை

பிரதியைத் தரைக்கு அனுப்பினேன். கனகசபாபதியின் பதில்:

“இத ஏம்மா பூட்டாம அனுப்புத? வெளிய கசிஞ்சா நிறுவனத்துக்கு எவ்வளவு கெட்ட பேரு. நீயே பாதுகாப்புல இருந்தவ, உனக்குத் தெரியாதா? புதுச் சாவி தாரோம். பூட்டி அனுப்பு. இந்தத் தடவ சில்லுல கரெக்டா ஏத்திட்டோம்.”

இருந்தவ என்கிறார். இன்னும் இருக்கிறேன் ஐயா.

பிறகு அருணகிரி தனியாக: “மேடம், நான் ஒரு பிரதி எடுத்து வச்சுக்கிட்டேன். பூட்டல. செண்பகராமன் அண்ணன்ட்ட கொண்டுபோய்க் குடுத்துருதேன். மன்னிச்சிருங்க மேடம்.” எனக்குத் தெரிந்து அவன் செய்த முதல் விதிமீறல். நன்றாக இருடா.

ஐப்பசி 14 தீபாவளி. பூட்டு இல்லை

மூச்சு வாங்குது. மீள்கலத்தில் ஏறி இருக்கைப்பட்டி போட்டுக்கொண்டேன். முன்திரையில் சாவி தருக, சாவி தருக என்று நிமிஷத்துக்கு ஒரு தரம். சளைக்கவே இல்லை. நல்லா எழுதியிருக்கேன்.

கைப்பிடியில் பொட்டு அப்படியே இருக்கு.

ஊரில் இந்நேரம் வெடிச்சத்தம். அவர் கடையைத் திறந்திருக்க மாட்டார்.

நிலையத்துக் கதவைப் பூட்டவில்லை. கலத்தின் கதவும் அப்படித்தான். தள்ளினாலே திறக்கும். உள்ளே வருகிறவர்கள் முதலில் இதைப் படிச்சிட்டு அப்புறம் இங்கே வாங்க. இடப்பக்கத்து இருக்கையில் இருப்பேன்